ஏழே நாளில் மாற்றிக்கொள்ளலாம்

இவன் சும்மா இருந்தாலே போதும் என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில் முந்திக்கொண்டு போய் நிற்கிற ஆள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவன் இருப்பான். எங்கள் குடும்பத்தில் அது நான்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் தென்காசியைச் சுற்றிக்கொண்டிருந்தேன் (அப்பா பாஷையில் தண்டச்சோறு). என்னிடம் இருந்த ஒரே சொத்து, குற்றாலத்து சீசன் கடையில் வாங்கிய எம்பி த்ரீ பிளேயர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். லோக்கல் கேபிள் டிவியில் அதன் விளம்பரப் பாட்டைக் கேட்டு மயங்கித்தான் வாங்கினேன். ஆன் செய்தால் முதலில் அதே பாட்டு அரை நிமிடம் பாடும். நிறுத்தவும் முடியாது, தாண்டவும் முடியாது. எனக்கு அதில் பெருமை வேறு.

அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. நாலு வருஷமாக எல்லா வரனும் தட்டிப்போய், கடைசியில் அமைந்த ஆலங்குளத்து மாப்பிள்ளை. அவருடைய அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. சபையில் ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்று அப்பா ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

குற்றாலத்தில் மண்டபம். ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, நல்ல சாரல். அருவிக்குப் போகிற கூட்டத்தில் ரோடு அடைத்து, மேளக்காரர்களின் வேன் நடுவில் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் முடியக் கால் மணி நேரம்தான். தாலி ஏறும்போது தும்மல், அபசகுனப் பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் போய் நின்றேன். என் பிளேயரில் கெட்டிமேளம் இருக்கிறது, மைக்செட்டில் ஒயரை மாட்டினால் போதும் என்றேன்.

"ஏலே, சரியா வருமாலே?"

"நான் பாத்துக்கிடுதேன்ப்பா."

(அந்த நாக்கை அப்போதே அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.)

விளம்பரப் பாட்டை நான் மறக்கவில்லை. ஒயரை மாட்டும் முன்பே ஆன் செய்து, அதைப் பாடி முடிக்கவிட்டு, கெட்டிமேளத்தைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தேன். ஐந்து நிமிடம் சும்மா கிடந்தால் பிளேயர் தானே அணைந்துவிடும் என்பதைத்தான் மறந்தேன். தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசீர்வாதம் வாங்கி வர எட்டு நிமிடம் ஆனது.

ஐயர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம்" என்றார். அமுக்கினேன்.

"பையில போடு, பாட்டக் கேளு!" என்று மண்டபம் அதிர ஒரு பெண்குரல் கிளம்பியது. கைக்கு அகப்பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினேன். சத்தம்தான் கூடியது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். "பிடிச்சா வச்சுக்கோ, பிடிக்கலேன்னா ஏழே நாள்ல மாத்திக்கோ!" நாத்தனார் அடுத்த இரண்டு முடிச்சையும் போட்டார். "ஒரு வருஷம் வாரண்டி!" அட்சதையோடு ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லாம் முடிந்தபின் கெட்டிமேளம் கணீரென்று முழங்கியது. (ஒயரைப் பிடுங்கியிருக்கலாமே என்ற புத்தி மறுநாள்தான் வந்தது.)

அக்கா கண்ணில் தண்ணீர். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்வாசல் வழியாக மெயினருவிக்கு ஓடினேன். அருவிக்குள் நின்றால் அழுவது யாருக்கும் தெரியாதே. அங்கேயும் நீள வரிசை. வரிசையில் நின்றே அழுதேன்.

கல்யாணம் முடிந்து எட்டாம் நாள் அக்காவின் மாமியார் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"ஏழு நாள் முடிஞ்சிட்டுல்லா, தம்பி. நாங்க மாத்தல. வச்சுக்கிடுதோம்" என்றார். சிரித்தாரா என்று தெரியாது.

என் கல்யாணத்துக்கு அப்பா இரண்டு செட் மேளம் பேசி, முதல் நாளே மண்டபத்தில் கொண்டுவந்து தங்கவைத்தார். என்ன பிரயோஜனம்? நாத்தனார் முடிச்சுப் போட வந்த அக்கா, என் மனைவியின் காதருகே குனிந்து அந்தப் பாட்டை முழுசாகப் பாடிவிட்டாள்.

பதினோரு வருஷமாகிறது. வீட்டில் வாக்குவாதம் முற்றினால் என் மனைவி செல்போனைப் பார்த்துக்கொண்டே, "பிடிக்கலேன்னா..." என்று மெல்ல இழுப்பாள். நான் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன்.