எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் அடித்தது பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் அக்கா நலம். உங்கள் மருமகளின் மணிக்கட்டு தேறி வருகிறது. நான் வீட்டில் இருக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். அங்கே என் தங்கையின் முழங்கால் வலி குறைந்ததா? அவளிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டாம். சிரிப்பாள்.

விஷயம் இதுதான். உங்கள் மருமகள் நாடகங்களுக்கு ஒலி அமைக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அது எப்படி நடக்கிறது என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. குளியலறையில் வழுக்கி வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள், "அப்பா, நான் சொல்றேன், நீங்க மவுஸைப் பிடிங்க" என்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் கேட்ட முதல் உதவி, விடுவேனா? போய் உட்கார்ந்தேன். திரை முழுக்கப் பெட்டி பெட்டியாக இருந்தது. ஒரு பெட்டி மழையாம், ஒன்று காற்றாம், ஒன்று சுவர்க்கடிகாரமாம். பொத்தான் பெட்டியிலிருந்து கடிகாரப் பெட்டிக்கு ஒரு கோடு இழுத்தால், பொத்தானை அழுத்தும்போது கடிகாரம் அடிக்கும். அந்தக் கோட்டை அவர்கள் ஒயர் என்கிறார்கள். ஒயர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பழைய ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. மின்சார ஆபீசில் வாழ்நாள் முழுக்க வீடு வீடாகப் போய், இப்படி ஒயர் தொங்கினால் கனெக்‌ஷன் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்த ஆள் நான். என் சொந்த மகளின் திரையில் ஒயர்கள் கொட்டி வைத்த இடியாப்பம் போலக் கிடந்தால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ஒயர் இல்லாமல் செய்ய வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். ஒரு பெட்டியில் 'அனுப்பு' என்று போட்டு ஒரு பெயர் எழுத வேண்டும், எங்கோ இருக்கும் இன்னொரு பெட்டியில் 'வாங்கு' என்று போட்டு அதே பெயரை எழுத வேண்டும். நடுவில் கோடே வேண்டாம், செய்தி தானாகப் போய்ச் சேரும். "ஆனா அதுல ஒண்ணு கவனிக்கணும்ப்பா" என்று ஆரம்பித்தாள், அதற்குள் போன் வந்தது, பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதில் யார் பக்கம் தப்பு என்பதை நீங்களே நிதானமாக யோசியுங்கள்.

நாடகத்துக்கு முந்தின நாள் அவள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் உட்கார்ந்து அத்தனை ஒயரையும் எடுத்துவிட்டு, அனுப்பு, வாங்கு என்று போட்டுப் பெயர் வைத்தேன். சுவர்க்கடிகாரத்துக்கு 'மணி' என்று வைத்தேன். டெலிபோனும் மணிதானே, 'மணி' என்று வைத்தேன். வாசல் மணிக்கும் 'மணி'. கடைசிக் காட்சியில் பக்கத்துப் பள்ளிக்கூடம் விடும், அதற்கும் 'மணி'. உங்கள் அக்காவுக்கு அன்றைக்குத் தலைவலி, அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் சோதித்தேன். அழுத்தினேன், பெட்டி மின்னியது, திருப்தியாக இருந்தது. ஒரே பெயரை நாலு பேருக்கு வைத்தால் நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நம் வீட்டு விசேஷத்தில் யாராவது "மாப்பிள்ளை" என்று குரல் கொடுத்தால் நீங்கள், உங்கள் தம்பி, சமையல்காரர் வரைக்கும் திரும்புவீர்களே, அதுதான் நடந்தது.

மறுநாள் அரங்கத்தில் கதவு திறக்கும்வரை தச்சர் ஆணி அடித்துக்கொண்டிருந்ததால், மழையை மட்டும் போட்டுப் பார்த்தார்கள். மழை நன்றாகப் பெய்தது. நாடகமும் நன்றாகப் போனது. முன் வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசிக் காட்சி. பெரியவர் சாகக் கிடக்கிறார். கடிகாரம் பன்னிரண்டு அடிக்க வேண்டும், அவர் கடைசி வார்த்தையைப் பேசி உயிரை விட வேண்டும். அப்புறம்தான் டெலிபோன் வரும், அப்புறம்தான் வாசல் மணி அடித்து டாக்டர் வருவார். உங்கள் மருமகள் இடது கையால் பொத்தானை அழுத்தினாள். கடிகாரம், டெலிபோன், வாசல் மணி, பள்ளிக்கூட மணி நாலும் சேர்ந்து அடித்தன. மணி கேட்டால் எடுக்க வேண்டும் என்று பழகியிருந்த நாடகத்து மகன் ரிசீவரை எடுத்து, அப்பா போய்விட்டார் என்று அழுதான். நாடகத்து மருமகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். டாக்டர் உள்ளே வந்தார், பெரியவரின் கையைப் பிடித்துப் பார்த்தார், முடிந்துவிட்டது என்று தலையை ஆட்டினார். பெரியவர் அவரை முறைத்துப் பார்த்தார். அது முதல் மணிதான் மாப்பிள்ளை. ஒரு தடவை அழுத்தினால் பன்னிரண்டு செய்தி போகும், இன்னும் பதினொன்று பாக்கி. ஒவ்வொரு அடிக்கும் நாலும் அடித்தன, கையில் பிடித்திருந்த ரிசீவரே மறுபடி மணி அடித்தது, நாடகத்து மருமகள் திரும்பத் திரும்பக் கதவைத் திறந்து யாருமில்லாத வாசலைப் பார்த்தாள்.

மகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மூலைக்கு நான் ஓடினேன். என் தொழிலில் ஆபத்து என்றால் முதல் வேலை ஒயரைப் பிடுங்குவது. அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒயரெல்லாம் எங்க?" என்றாள். "எல்லாத்தையும் எடுத்துட்டேம்மா. இப்ப நீட்டா இருக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. லேப்டாப்பை மூடினாள். அரங்கமே அமைதியானது. அந்த அமைதியில் படுக்கையிலிருந்து பெரியவர், "நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல டாக்டர்" என்றார். கூரை அதிர்ந்தது. முன் வரிசையில் அழுதவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

இயக்குநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனார். அடுத்த ஷோவுக்கு வேறு ஆளைப் பார்க்கப்போவதாகக் கேள்வி. இது அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய நாடகம். டாக்சியில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என் வேலையைப் பார்த்தா உங்களுக்கு ரிப்பேர் பண்ணத்தான்ப்பா தோணுது." அதோடு பேச்சு நின்றுவிட்டது. இப்போது எதுவானாலும் அவள் அம்மாவிடம் சொல்கிறாள், அம்மா என்னிடம் சொல்கிறாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நான் ரிப்பேர் பண்ண நினைக்கவில்லை மாப்பிள்ளை. கூப்பிட்டாளே என்ற சந்தோஷத்தில், கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டேன். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமா சொன்னால் அவள் கேட்பாள். தயவு செய்து அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள். இனி அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்ததாகச் சொல்லுங்கள்.

என் தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். முழங்காலுக்குப் படியேறாமல் இருக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை எதிர்பார்க்கும்
மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இயக்குநரே வீட்டுக்கு வந்துவிட்டார். பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொல்லி, அடுத்த மூன்று ஷோவுக்கும் டிக்கெட் இல்லையாம். அந்த மணிக்காட்சி அப்படியே வேண்டுமாம். மகள் அதற்குள் எல்லாவற்றையும் பழையபடி ஒயர் இழுத்துச் சரிசெய்துவிட்டாள், அதனால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க பண்ணினதை அப்படியே பண்ணுங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். மத்தியானத்திலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மேலே எழுதிய சத்தியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் அவசியம் வர வேண்டும். பெரியவராக நடிப்பவர் உங்களோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவராமே? கிடைத்த கைதட்டலைப் பார்த்துவிட்டு, டாக்டர் வந்த பிறகும் தனக்கு இன்னும் ஒரு பக்கம் வசனம் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவரிடம் பேசி, எப்படியாவது சாகச் சம்மதிக்க வையுங்கள்.