தலைக்கவசம் கிடைக்கும் வரைக்கும்

பகடையில் பூட்டுக்காரருக்கு விழுந்தது நாலு. சுறாவுக்கு விழுந்தது தொண்ணூற்றேழு.

அவ்வளவுதான், கதை முடிந்தது. கரும்பொன் தலைக்கவசம் திரையில் ஒரு மின்னு மின்னிவிட்டு சுறாவின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றது காதில் சுறாவின் குரல். அதில் மன்னிப்பைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

சுறா என்பது அவன் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். நிஜத்தில் அவன் யார், எங்கே இருக்கிறான் என்று பூட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று சாயங்காலமே கிளம்பிப் போயிருப்பார்.

அந்த ஆன்லைன் விளையாட்டில் ஐந்து பேர் சேர்ந்து நிலவறைக்குள் இறங்க வேண்டும். முன்னால் நின்று அடி வாங்க ஒருவர். அடி வாங்குகிறவர் செத்துப்போகாமல் பின்னால் நின்று உயிர் ஏற்ற ஒரு வைத்தியர். அடிப்பதற்கு மூன்று பேர். கடைசி அறையில் இருக்கும் ராட்சசனைச் சாய்த்தால் பெட்டி திறக்கும். அதுவும் வாரத்துக்கு ஒருமுறைதான். உள்ளே என்ன இருக்கும் என்பது பெட்டியின் இஷ்டம். ஒரு வாரம் செருப்பு, ஒரு வாரம் இடுப்புப் பட்டை. பொருள் தெரிந்ததும் ஒவ்வொருவர் திரையிலும் மூன்று பொத்தான்கள் வரும்: தேவை, ஆசை, வேண்டாம். அதை அணியத் தகுதி உள்ளவர் மட்டுமே 'தேவை' சொல்லலாம். ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் ஆசைக்காரர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்குத் தேவை என்றால் நூறு வரைக்கும் எண் உள்ள பகடை உருளும், பெரிய எண் விழுந்தவருக்குப் பொருள். எதையும் அழுத்தாமல் விழித்துக்கொண்டு நின்றால் வேண்டாம் என்று அர்த்தம். எடுத்த பொருள் எடுத்தவர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மனசு இளகினாலும் யாருக்கும் கொடுக்க முடியாது. வேண்டுமானால் உடைத்துத் தூளாக்கி, அந்தத் தூளில் ஆயுதத்துக்கு மெருகேற்றிக்கொள்ளலாம்.

பூட்டுக்காரர் அடி வாங்குகிற ஆள். அந்த வேலைக்குத் தனியாகப் பயிற்சி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவருடைய கடை கடைத்தெருவின் கோடியில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மழையில் நிற்க வேண்டும். அந்தக் கவலையும் இப்போது இல்லை. கதவுகளெல்லாம் விரல் வைத்தால் திறக்கிற காலம் வந்துவிட்டது. விரல் தொலைத்துவிட்டு யாரும் பூட்டுக்காரரைத் தேடி வருவதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குவார், சாயங்காலம் இறக்குவார். நடுவில் சாவி அறுக்கிற மெஷினுக்கு எண்ணெய் போடுவார். நாள் பூராவும் உழைத்ததற்கு ஏதாவது ஒன்று கையில் வரக்கூடிய இடம் அந்த நிலவறை ஒன்றுதான். அங்கேயும் நாலு.

மனைவிக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அழுகிறவர்களிடம் முகவரி கேட்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பாள். மழைநீர் கசிந்து அந்தச் சுவரில் ஒரு பெரிய கறை. அதையேதான் பார்ப்பாள். பிறகு எழுந்து சமைப்பாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் ஏதாவது பேச வேண்டுமே.

சுறாவிடம் தோற்ற மறுநாள் பூட்டுக்காரர் மூளையில் திட்டம் உதித்தது. அவர்கள் குழுவின் வைத்தியர் பரீட்சை வருகிறது என்று விலகிக்கொண்டிருந்தார். சுறாவுக்குத் தலைக்கவசம் கிடைத்துவிட்டதால் அவனும் வேறு குழுவுக்குப் போய்விட்டான். மீதி இருந்தது அம்பு விடுகிற அண்ணன், தம்பி, சுறாவின் இடத்துக்கு அவர்கள் கூட்டிவந்த மச்சான். மூன்று பேருக்கும் இரும்புக் கவசத்தில் அக்கறை இல்லை. வைத்தியர் அணிவது துணி. ஆக, நம்பகமான ஒரு வைத்தியர் மட்டும் கிடைத்துவிட்டால், அடுத்து எப்போது தலைக்கவசம் வந்தாலும் போட்டியே கிடையாது.

உலகத்தில் நம்பகமான ஆள் யார்?

"இந்தாம்மா, உனக்கு ஒரு விளையாட்டு சொல்லித்தரட்டுமா?"

"என்ன விளையாட்டு?"

"சும்மா பின்னால நிக்கணும். என் உயிரைக் காட்டுற சிவப்புக்கோடு குறைஞ்சா பச்சைப் பொத்தானை அழுத்தணும். நான் சாகாம பாத்துக்கணும், அவ்வளவுதான்."

அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"காலையிலிருந்து யாரோ சாகக் கிடக்கறாங்கன்னு போன்ல கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் அதேதானா?"

"இது நிஜம் இல்லம்மா."

"நிஜம் இல்லாததுக்கு நான் எதுக்கு?"

"எனக்கு அந்தத் தலைக்கவசம் வேணும்."

"போட்டுக்கிட்டு எங்க போகப் போறீங்க?"

பூட்டுக்காரர் பேரத்தில் இறங்கினார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, வர்றேன். ஆனா வேலையையும் பாத்து, உங்களுக்கு உயிரும் ஏத்தி, சமையலும் செய்ய என்னால ஆகாது. சாயங்காலச் சமையல் உங்களோடது."

"எதுவரைக்கும்?"

"நீங்களே சொல்லுங்க."

"தலைக்கவசம் கிடைக்கிற வரைக்கும்" என்றார் பூட்டுக்காரர், கெட்டிக்காரத்தனமாக. மிஞ்சிப் போனால் ரெண்டு வாரம் என்று மனசுக்குள் சிரித்தும்கொண்டார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பூட்டைத் திறந்தவர். தானே தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவர் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில். அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு. முதல் வாரம் அவள் பச்சைப் பொத்தானுக்குப் பதில் கதவைத் திறக்கிற பொத்தானை அழுத்தி, பக்கத்து அறைப் பூதங்களையும் விருந்துக்கு அழைத்துவிட்டாள். ஐந்து பேரும் காலி. பூட்டுக்காரர் தலையில் கை வைத்தார். அவளோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் எழுந்து நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்துட்டாங்க!" என்றாள்.

"எழுந்துப்பாங்க. இங்க அப்படித்தான்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

அடுத்த நாள் அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டாள். யாருக்கு முதலில் உயிர் ஏற்ற வேண்டும், யாரைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தொழில் அல்லவா? "தம்பி, இடதுபக்கம் வா. அண்ணன், பதறாதீங்க, நான் இருக்கேன்" என்று கட்டுப்பாட்டு அறைக் குரலில் அவள் சொன்னால் பூதங்களே ஒதுங்கி நின்றன. ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள், "இன்னைக்கு வண்டி போறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அன்று நிலவறையில் ஒருவரையும் விழ விடவில்லை. வெளியே வந்ததும் அந்தப் பாதி வாக்கியத்தை அவளாகவே முடித்தாள். ஒரு கிழவர், நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. பூட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "அடடா" என்றார். மனசுக்குள், 'இந்த வாரமும் தலைக்கவசம் வரலையே' என்று நினைத்தார். உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

தலைக்கவசம் வரவே இல்லை. ராட்சசன் சாயும் நேரம் பார்த்து வாரா வாரம் அடுப்படியில் ஏதாவது ஒரு சிக்கல்.

"என்னங்க, பால் பொங்குற சத்தம் கேக்குது."

"என்னங்க, குழாயை மூடினீங்களா? பெட்டியை நான் பாத்துக்கறேன், நீங்க ஓடுங்க."

ஓடுவார். திரும்பி வந்தால் பெட்டி காலியாக இருக்கும்.

"என்ன வந்துச்சு?"

"செருப்புதாங்க. அதே பழைய செருப்பு."

"அந்தப் பெட்டிக்கு நம்ம வீட்டுமேல ஏதாவது பகையா?"

"அடுத்த வாரம் வரும். சூப்புல உப்பு போட்டீங்களா?"

அண்ணன், தம்பி, மச்சான் மூவரும் வாயே திறக்க மாட்டார்கள். கூச்ச சுபாவம் என்று பூட்டுக்காரர் நினைத்தார். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. இப்படியே மழைக்காலம் முழுவதும் ஓடியது. சூப் முதலில் கழுவுநீர் மாதிரி இருந்தது, பிறகு வெந்நீர் மாதிரி ஆனது, பிறகு சூப் மாதிரியே ஆகத் தொடங்கியது.

அந்தச் சனிக்கிழமை மச்சானுக்குக் காய்ச்சல். கோடரியோடு உதவிக்கு வந்தவன் சுறா.

ராட்சசன் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தான். பூட்டுக்காரர் கேடயத்தால் ஓங்கி ஒரு இடி இடித்தார். சாய்ந்தான்.

"என்னங்க, கருகுற வாசனை!"

ஓடினார். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் ஆறிப்போயிருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கருகல் எதுவும் இல்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது. குழம்பிப்போய் வந்து ஹெட்செட்டை மாட்டினார்.

"அண்ணே!" என்று சுறா கத்தினான். "எங்க போயிட்டீங்க? தலைக்கவசம் வந்துச்சே! நேரம் முடிஞ்சு போச்சே!"

பூட்டுக்காரர் திரையைப் பார்த்தார். பெட்டி காலி.

"யாரும் 'தேவை' போடல. அண்ணி 'ஆசை' போட்டு எடுத்தாங்க. எடுத்த வேகத்துல உடைச்சுட்டாங்க அண்ணே, தூளாக்கிட்டாங்க!"

அவர் மெல்லத் திரும்பினார். மனைவி லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என் மந்திரக்கோலுக்கு மெருகேத்த அந்தத் தூள் வேணுங்க" என்றாள்.

"அண்ணி கோலு ஏற்கெனவே முழு மெருகுல ஜொலிக்குதே!" என்றான் சுறா, நல்ல எண்ணத்தோடு. "இதுக்கு மேல ஏறாதே. இந்தத் தலைக்கவசத்துத் தூளைத் தவிர வேற எதுலயும் இந்த ஜொலிப்பு வராதே. இதுக்கு முன்னால எத்தனை உடைச்சீங்க அண்ணி?"

அண்ணனும் தம்பியும் சொல்லாமல் கொள்ளாமல் விளையாட்டை விட்டு வெளியேறினார்கள். சுறாவுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "சரிண்ணே, வரட்டுமா" என்று மறைந்தான்.

பூட்டுக்காரர் போய் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். கத்த வேண்டும் என்றுதான் வந்தார். உட்கார்ந்ததும் ஏனோ கத்த வரவில்லை.

"செருப்பு செருப்புன்னு இத்தனை நாளா உருட்டினியே! ஏன்மா?"

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"அது கிடைச்சுட்டா நீங்க அந்த நிலவறைக்கு மறுபடி வருவீங்களா?"

அவர் யோசித்தார். வரமாட்டார். வேறு ஏதாவது தலைக்கவசத்தைத் தேடி வேறு எங்காவது தனியாகப் போயிருப்பார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"நாம பேசிக்கிறது அங்க வெச்சுதான்" என்றாள். "அதை விட எனக்கு மனசு வரல."

பூட்டுக்காரர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"இதுக்காகவா இவ்வளவும் செஞ்சே?"

"இதுக்காகவும்தான்" என்றாள் அவள். "அதோட இப்பத்தான் உங்களுக்கு உருளைக்கிழங்கு பதமா வேக வைக்க வந்திருக்கு, இந்த நேரம் பாத்து விட்டுடுவேனா?"