நம்ம கம்பெனிக்காரர்

உலகத்தில் கம்பெனி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர், கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த இரண்டிலும் சேராத ரகம் ஒன்று உண்டு. கம்பெனி தன்னுடையது என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பார். இப்படி ஒருவர் இருப்பதே கம்பெனிக்குத் தெரியாது. இவருக்கு 'நம்ம கம்பெனிக்காரர்' என்று பெயர் வைப்போம். காலை ஷிப்டுக்குக் கூட்டம் நிற்கிற நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலையில் போகிற லாரியின் முதுகில் தன் கம்பெனியின் பெயரைக் கண்டதும், பள்ளி விழாவில் மகள் பரிசு வாங்குவதைப் பார்த்த தகப்பன் மாதிரி ஒருவர் முகம் மலரும். அவர்தான். முதலாளியை அவர் பார்த்ததில்லை. முதலாளிக்கோ ஸ்ரீபெரும்புதூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஆனாலும் 'நம்ம'.

இந்த ரகத்தில் முதல் தரம் சங்கரநாராயணன். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, செல்போன் என்பது சூபர்வைசர்களின் இடுப்பில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் பஸ் ஏறி வந்து, கார்களுக்கு முகப்பு விளக்கு செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தார். சேர்ந்தார் என்றா சொன்னேன்? அவர் அப்படித்தான் சொல்வார். உண்மையில் அவர் சேர்ந்தது தணிகாசலம் என்ற காண்ட்ராக்டரிடம். தணிகாசலம் ஆட்களைத் திரட்டிக் கம்பெனிக்குள் அனுப்புவார். வேலை கம்பெனியுடையது, ஆள் தணிகாசலத்துடைய ஆள். பர்மனென்ட் ஆட்களும் காண்ட்ராக்ட் ஆட்களும் ஒரே லைனில் தோளுக்குத் தோள் நின்று ஒரே விளக்குக்கு ஒரே திருகைத்தான் முடுக்கினார்கள். வித்தியாசம் எல்லாம் லைனை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

பர்மனென்டுக்கு வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கம்பெனி முத்திரை. காண்ட்ராக்டுக்குச் சாம்பல் சட்டை, முதுகில் தணிகாசலத்தின் பெயர். இதைப் பற்றி அறைத்தோழன் பேச்சிராஜ் முணுமுணுத்தால் சங்கரநாராயணனுக்குப் பொறுக்காது.

"வெள்ளை அழுக்காகும்லா. தொவைக்க எவ்வளவு கஷ்டம். நம்ம மேல அக்கறை இருந்தாத்தானலே சாம்பல் கலர் குடுப்பாவ?"

கேன்டீனில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இரண்டாவது பந்தி. அதற்குள் சாம்பாரில் இருந்த காய்கள் முதல் பந்தியோடு போயிருக்கும். "சூடு ஆறியிருக்கும், வாய் வேகாது" என்பார். கம்பெனி பஸ்ஸில் வெள்ளைச் சட்டை எல்லாம் உட்கார்ந்து மீதி இடம் இருந்தால்தான் சாம்பல் சட்டை உட்காரலாம். மீதி இடம் என்றைக்கு இருந்தது?

"நின்னுட்டு வந்தா காலுக்கு நல்லதுலே."

"அண்ணாச்சி, லைன்லயும் நின்னுட்டுத்தான வேலை பாக்கோம்."

"அதான். பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்லா."

ஆயுத பூஜைக்குப் பர்மனென்டுக்கு டிபன் கேரியர், காண்ட்ராக்டுக்குப் பொரிப் பொட்டலம். டிபன் கேரியரைத் தினமும் கழுவ வேண்டும், பொரிக்கு அந்தத் தொல்லை கிடையாது என்று கண்டுபிடித்தவரும் அவரே. கம்பெனி ஒரு கேடு செய்துவிட்டு அதற்கு என்ன காரணம் சொல்லலாம் என்று யோசிப்பதற்கு முன்பே, அதைவிட நல்ல காரணம் ஒன்று அவர் கையில் தயாராக இருக்கும். சம்பளம் இல்லாத விளம்பர அதிகாரி.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை கம்பெனி பஸ் வரவில்லை.

பஞ்சர் என்றார் சங்கரநாராயணன். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. நிற்காமல் போயிற்று. உள்ளே வெள்ளைச் சட்டைகள் வசதியாக உட்கார்ந்திருந்தன. காலியான இருக்கைகளும் தெரிந்தன. டிரைவர் கவனிக்கவில்லை என்றார். பிறகு எல்லோரும் ஷேர் ஆட்டோக்களில் அடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்கள். கேட் சாத்தியிருந்தது.

"சாம்பல் சட்டை யாரையும் உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டர் கீது" என்றான் வாட்ச்மேன். "இன்னா ஏதுன்னு எனுக்குத் தெரியாது. உங்க காண்ட்ராக்டரைக் கேளுங்க."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. விளக்கு வாங்குகிற கார் கம்பெனி ஒரு பழைய மாடலை நிறுத்திவிட்டது, ஆர்டர் குறைந்தது, ஆட்கள் வேண்டாம் என்று சனிக்கிழமையே தணிகாசலத்துக்குச் சொல்லியாகிவிட்டது. தணிகாசலம் யாருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்துவிட்டு 'திங்கக்கிழமை பாப்போம்' என்று கையசைத்துப் போனவர்கள் அத்தனை பேரும் இப்போது சேற்றில் நின்றார்கள். முந்தின நாள் நல்ல மழை.

கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி ரகுநந்தன் கேட் வரைக்கும் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"பாருங்க, ரூல்ஸ்படி நீங்க யாரும் எங்க எம்ப்ளாயீஸ் கிடையாது. அதனால நாங்க யாரையும் வேலையை விட்டு எடுக்கல. எடுக்கறதுக்கு நீங்க இங்க இருந்ததே இல்ல."

சொல்லிவிட்டு கேட் கேபினுக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சங்கரநாராயணன் தன் கையைப் பார்த்தார். இருந்ததே இல்லை என்றால், தன் விரல் இடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற பசை எந்தக் கம்பெனியுடையது? ஆனாலும் திரும்பி, "சட்டத்துல அப்படித்தான் சொல்லணும். மனசுல அப்படி இருக்காது" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கினார்.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மாரிசெல்வியைச் சுற்றி நின்றார்கள். மாரிசெல்வி பேக்கிங் பிரிவுப் பெண், கயத்தாறுக்காரி, அதிகம் பேசாதவள். அன்றைக்குப் பேசினாள்.

"இன்னும் செத்த நேரத்துல சரக்கு லாரி வெளிய வரும். அது போகலைன்னா மத்தியானத்துக்குள்ள காரு கம்பெனியில லைன் நின்னுரும். நின்னா இவியளே வந்து பேசுவாவ. எல்லாரும் கேட்டுக்கு முன்னால உக்காருங்க. கல்லு எடுக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம். உக்காந்தாப் போதும்."

"நம்ம கம்பெனி லாரிய நம்மளே மறிக்கதா?" என்றார் சங்கரநாராயணன்.

"நீங்க வேண்ணா அங்க நில்லுங்கண்ணே."

அவர் மதில் ஓரமாக நின்றார். மற்றவர்கள் சேற்றிலேயே உட்கார்ந்தார்கள். லாரி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், கெஞ்சிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விடலாம் என்று ஒடித்தார். பின்சக்கரம் மழைத் தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் இறங்கி, லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடவுளே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவர்களுக்கு.

கடவுளுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

அந்த லாரிக்குள் இருந்தது எல்லாம் கண்ணாடி. சனிக்கிழமை சங்கரநாராயணன் தன் கையால் துடைத்துப் பார்த்து அனுப்பிய விளக்குகளும் அதில் உண்டு. லாரி சாய்ந்ததும் உள்ளே பெட்டிகள் சரிகிற சத்தம் அவருக்கு மட்டும் தனியாகக் கேட்டது. அதற்கு மேல் நடந்ததை அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. ஓடினார். இரண்டு பெரிய கற்களைப் புரட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். லாரிக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். "வா, வா, அப்படியே நேரா வா, லெப்ட் ஒடி, வா." நடுவில், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தும் "தள்ளுங்க, தள்ளுங்க" என்றார். அந்த அவசரக் குரலில் என்ன ஏது என்று தெரியாமல் நாலைந்து பேர் எழுந்து லாரியைத் தள்ளியும் விட்டார்கள். லாரி ஒரு குலுக்கலில் மேலே ஏறி, கிடைத்த வழியில் புகுந்து, தண்டலம் பக்கமாகப் போய்விட்டது.

முழங்கால் வரை சேறு. ஒரு நிமிஷம் அவர் முகத்தில் அந்தப் பழைய மலர்ச்சி. பிறகு திரும்பிப் பார்த்தார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மாரிசெல்வி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "லாரி போயிட்டுண்ணே. இனி நம்மகிட்ட எவன் பேச வருவான்?"

பேச்சிராஜ் அன்றிலிருந்து அறையில் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். இட்லிக்கு இரண்டு பேருக்கும் ஒரே சட்னிக் கிண்ணம்தான். அதை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். 'கம்பெனி கூப்பிடும்' என்று சங்கரநாராயணன் சுவரிடம் சொல்வார். சுவரும் பேசவில்லை.

மாரிசெல்வி சும்மா இருக்கவில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே 'உங்க முதலாளி யாரு' என்று கேட்டார்கள். அது தெரிந்தால் ஏன் வருகிறோம் என்றாள். பிறகு தணிகாசலத்தின் வீட்டு வாசலில் தினமும் போய் உட்கார்ந்தார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். வருகிற சம்பந்தி வீட்டார் எல்லோரும் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். தணிகாசலம் இறங்கி வந்து கம்பெனியிடம் போய்ப் பேசினார். அதற்குள் புது மாடல் காருக்கு விளக்கு ஆர்டரும் வந்துவிட, கம்பெனி ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பழைய ஆட்களாக அல்ல. வேறொரு காண்ட்ராக்டர் பெயரில், புதிதாக வந்த ஆட்களாக, பயிற்சியிலிருந்து ஆரம்பித்து. பேச்சிராஜுக்கு அழைப்பு வந்தது. மாரிசெல்விக்கும் வந்தது. சங்கரநாராயணனுக்கு வரவில்லை.

தணிகாசலத்திடம் ஓடினார்.

"உன் பேரு மட்டும் வோணாம்னுட்டாங்கப்பா. நீதானே லாரிய மறிச்ச ஆளு."

"நானா?"

"ரெண்டு கையையும் தூக்கினு லாரி முன்னால நின்னியாமே. அந்த எச்சாரு கண்ணாடி வழியா கண்ணாலப் பாத்தாராம். தலைவரே நீதான்னு சொல்லிக்கினாங்க. உன்னை நான் சாதுன்னு நெனச்சேன் நைனா."

கண்ணாடிக்குப் பின்னால் நின்றவருக்குக் கை தெரிந்திருக்கிறது, வாய் கேட்கவில்லை. எந்த மனிதனுக்கும் இந்த இடத்தில் கோபம் வரும். சங்கரநாராயணனுக்குக் குழப்பம் வந்தது. அறைக்கு வந்து, பேச மாட்டான் என்று தெரிந்தும் பேச்சிராஜைக் கேட்டார்.

"ஏலே, அன்னைக்கு நான் லாரிய மறிச்சேனா, எடுத்து விட்டேனா?"

பேச்சிராஜ் அத்தனை நாள் வைராக்கியத்தை மறந்து அவரைப் பார்த்தான். "எடுத்துத்தான் விட்டிய அண்ணாச்சி. நாங்க எல்லாரும் பாத்தோம்லா."

"நல்லாப் பாத்தியா? அவிய படிச்சவிய. தப்பாப் பாத்திருக்க மாட்டாவளே."

பேச்சிராஜ் சிரித்தான். சிரிக்கத் தொடங்கியவனுக்கு நிறுத்த முடியவில்லை. சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மறுநாள் சங்கரநாராயணன் விளக்கம் சொல்ல கேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் விடவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பஸ் வந்தது, புதிய பழுப்புச் சட்டையில் எல்லோரும் இறங்கினார்கள். மாரிசெல்வி அவரைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள். "ஒங்களத்தான் தலைவருன்னு நெனச்சிட்டாவளாம்ண்ணே. நான் உள்ள போயிட்டேன், நீங்க வெளிய நிக்கிய" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஷிப்ட் மணி அடித்தது, ஓடினாள். கேட் சாத்தின பிறகும் அவர் நின்றார். அந்த இடத்தில் நின்றுதான், கம்பெனிக்கு வெளியிலிருந்து பார்த்தால் மதில் மட்டும்தான் தெரிகிறது என்பதை முதல் தடவையாகக் கவனித்தார்.

தணிகாசலம் அவரை ஒரகடத்தில் புதிதாக வந்த லாரி உதிரிபாகக் கம்பெனிக்கு அனுப்பினார். அவர் போவதற்கு முன்பே அவருடைய புகழ் போய்ச் சேர்ந்திருந்தது. கேன்டீனில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து வந்தார்கள். முன்னால் பாஞ்சாலி என்கிற உள்ளூர்ப் பெண்.

"அண்ணே, லாரிய நிறுத்துனது நீங்கதானே. இங்க பர்மனென்டுக்கு மெஷின்ல ஜில்லுனு தண்ணி, எங்களுக்கு வெயில்ல கெடக்குற டிரம்மு. மெஷினாண்ட போனா தொரத்துறாங்க. இன்னான்னு கேளுண்ணே."

அவர் வாய் திறந்தது. வெந்நீர் தொண்டைக்கு நல்லது என்ற விளக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய வாழ்க்கையில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. விளக்கத்தை விழுங்கினார்.

"கேட்டுப் பாப்போம்" என்றார். "மரியாதையா."

மரியாதையாகத்தான் கேட்டார். சூபர்வைசர் முன்னால் கைகட்டி நின்று, "சார், தண்ணி விஷயமா ஒரு சின்ன வார்த்தை" என்று ஆரம்பித்தார். சூபர்வைசர் இவர் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே முற்றத்தில் சரக்கு ஏறிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தார். மறுபடி இவர் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஷிப்டில் டிரம் அங்கே இல்லை. எல்லோரும் மெஷினில் குடித்தார்கள்.

பாஞ்சாலி ஒரு டம்ளர் பிடித்து முதலில் அவர் கையில் கொடுத்தாள். குளிர்ந்த தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"பாத்தியளா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "வாயத் தொறந்து கேட்டோம், ஒடனே செஞ்சிட்டாவ. நம்ம கம்பெனி மாதிரி வருமா?"

சிரிக்கிறீர்கள். இவரை மாதிரி ஒருவரை எனக்கும் தெரியும் என்று யாரையோ நினைத்துக்கொண்டும் இருப்பீர்கள். நினையுங்கள். உங்கள் பேங்கிலோ, பள்ளிக்கூடத்திலோ, ஆபீஸிலோ தரை துடைக்க வருகிறவர், வாசலில் சல்யூட் அடிக்கிறவர் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய், வேறு சட்டையில் வேறு ஆட்கள் வந்தார்களே, அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் காபி குடித்துக்கொண்டே அதற்கு ஒரு நல்ல காரணம் சொன்னீர்கள் அல்லவா? காரணம் இருக்கட்டும். சொல்லும்போது 'அவங்க ஆளை மாத்திட்டாங்க' என்றீர்களா, 'நாம ஆளை மாத்திட்டோம்' என்றீர்களா? உங்களுக்கு மறந்திருக்கும். காபி போட்டுக் கொடுத்தவருக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.