எடைப்படி அடுக்கிய நான்கு வண்டிகள்

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்; இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது நலமாக இருங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "நல்லா இருக்கீங்களா மாமா" என்பீர்கள், நான் "இருக்கேன்" என்பேன், அதோடு நம் இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோகும், அத்தை போனை வாங்கிக்கொள்வாள். ஆகவே எழுத்தில்.

வருகிற சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துப்போக வருகிறீர்கள் என்று மகள் சொன்னாள். வண்டி இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எவ்வளவு உங்களுடையது என்பதுதான் கேள்வி.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மாற்றலாகிப் போகும்போதுதான் முதல்முறையாகச் சாவியை என் கையில் வைத்து, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, அது போதும்" என்றீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டிமேல் உட்கார்ந்து, பொத்தானை அமுக்கி, உறுமியதும் உடனே அணைத்துவிட்டு இறங்கிவிடுவேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னீர்களே தவிர, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. எடை அளவு ஆய்வாளராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொன்ன அளவுக்கு மேலே கூட்டியும் பழக்கமில்லை, குறைத்தும் பழக்கமில்லை. ஒரு ஞாயிறு அமுக்கினேன், "டிக்" என்றது. மறுபடி அமுக்கினேன், அதுவும் இல்லை. இப்படி உடனுக்குடன் அணைத்தால் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகுமாம். இதைப் பிற்பாடு எனக்குப் பலபேர் விளக்கினார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது.

அது எப்படியென்றால், உங்களிடம் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டேன், அவள் உங்கள் வண்டி ரகத்தையே வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டாள். நான் முறையாக, "ஐயா, அம்மணி அனைவருக்கும் வணக்கம். வண்டி கிளம்ப மறுக்கிறது. ஆவன செய்யக் கோருகிறேன்" என்று எழுதினேன். கைகழுவிவிட்டு வருவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. பேட்டரி என்றார் ஒருவர், பிளக் என்றார் இன்னொருவர், பேட்டரி என்றவரை நம்பாதீர்கள் என்றார் மூன்றாமவர். ஒருவர் டேங்கைக் கழற்றிக் குலுக்கச் சொன்னார். அவர் சொன்னதை எழுதிக்கொள்வதற்குள் அவரே அதை அழித்துவிட்டார், ஆனால் நான் பாதி குலுக்கியாகிவிட்டது. ஒரு பெண்மணி, எப்படிச் சத்தம் வருகிறது என்று பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "வண்டிச் சத்தம் கேக்கல சார். பின்னாடி ஒரு அம்மா மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்றாங்க, அதுதான் தெளிவா கேக்குது" என்று பதில் வந்தது. அத்தை அன்று பூராவும் தலை நிமிர்ந்து நடந்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. மூன்றும் உங்கள் வண்டியின் கூடப்பிறந்தவை போல அதே ரகம், அதே கறுப்பு. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பேக்கரிக்காரர், மூன்றாவது அந்தச் சத்தம் கேட்ட பெண்மணி, தையற்கடை வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத மனிதனுக்காகக் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்களே என்று நான் நாற்காலி எடுக்க ஓடினேன். டாக்டரோ "நம்ம வண்டி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உங்கள் வண்டியின் முன்னால் குந்திவிட்டார்.

அவர்கள் வைத்தியம் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு சாமானைக் கழற்றி ஓடாத வண்டியில் மாட்டிப் பார்ப்பது. கிளம்பினால் நோய் அங்கே, கிளம்பாவிட்டால் அடுத்தது. பேக்கரிக்காரர் தன் பேட்டரியைக் கொடுத்தார், இருமியது. டாக்டர் தன் பிளக்கைக் கொடுத்தார், இன்னும் பலமாக இருமியது. தையற்கடைக்காரம்மா தன் கார்புரேட்டரையே கழற்றி மாட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. அத்தைகூடக் கை தட்டினாள். ஆனால் மூன்றில் எது குணப்படுத்தியது என்று கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று அவர்களுக்குள் பிடிவாதம் வந்து, நான்கு வண்டிகளையும் அக்கக்காகப் பிரித்து, அந்தந்த வண்டிச் சாமானை அந்தந்த வண்டியின் காலடியிலேயே போட்டுவிட்டு, டீ குடிக்க உள்ளே போனார்கள்.

இந்த இடத்தில்தான் நான் நல்லது செய்ய நினைத்தேன். முற்றம் அலங்கோலமாகக் கிடந்தது, எனக்குக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் அள்ளி ஒரே அண்டாவில் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, என் பழைய தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, கனமானதில் தொடங்கி லேசானது வரை ஒரே வரிசையில் துணிமேல் அடுக்கிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, போட்டோ எடுத்துக் குழுவிலும் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"எப்படி சார் அடுக்கியிருக்கீங்க?" என்றார் தையற்கடைக்காரம்மா.

"எடைப்படி" என்றேன்.

டாக்டர் துணியருகே குனிந்து ஒரு நட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நாலு பேர் பல்லைப் பிடுங்கி ஒரே கிண்ணத்துல போட்டுட்டீங்களே சார்" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை வாட்டியது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் தலையில் ஹெல்மெட்டோடு பஸ் ஏறிப் போனார்கள். அதற்கப்புறம் தினமும் வேலை முடிந்ததும் வந்துவிடுவார்கள். எதை எதில் மாட்டினாலும் நான்கில் ஒன்றுதான் கிளம்பும், மற்ற மூன்றும் கிளம்பாது. மாற்றி மாட்டினால் இது படுக்கும், வேறொன்று எழுந்திருக்கும். பேக்கரிக்காரர் வரும்போதெல்லாம் ரொட்டி கொண்டுவருவார். வேடிக்கை பார்க்க வந்த அத்தை இப்போது டார்ச் பிடிக்கிறாள், பிடிப்பதோடு நிற்காமல் கிளட்ச் பற்றி அபிப்பிராயமும் சொல்கிறாள். எனக்கு எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்பது தெரிந்துவிட்டது. எந்த நட்டு எந்த வண்டிக்கு என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை. நேற்று ஒருவழியாக நான்கும் ஒரே நேரத்தில் உறுமின. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. அப்படியே ஏறிப் போய்விட்டார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் நம்பர் பலகை மாட்டிய வண்டி ஓடுகிறது. அது உங்கள் வண்டிதான் என்று முத்திரை குத்திக் கொடுக்க என்னால் ஆகாது. நம்பிக் கொடுத்த ஒரே பொருளை இப்படி ஆக்கிவிட்டேனே என்பதுதான் எனக்கு வேதனை. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தால் என்ன நினைப்பீர்களோ என்று சோறு இறங்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டேன். ஸ்பேனர்களைத் துடைத்து அத்தையிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். இனி வண்டி என்று எழுதிய பக்கம்கூட நான் திரும்பமாட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துப்போய் என்னை மன்னித்துவிடுங்கள். முற்றம் சுத்தமாக இருக்கிறது. சாயங்காலம் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மெதுவாக ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் டாக்டர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார், மறுபடி நின்றுவிட்டதாம். பேச்சுவாக்கில், "உங்க மாப்பிள்ளை போன் பண்ணிச் சொல்லித்தானே சார் நாங்க மறுநாளே வந்தோம். அந்தக் குரூப்பை ஆரம்பிச்சதே அவர்தானே" என்றார். அப்படியானால் என் முதல் விண்ணப்பத்தையும் படித்தீர்களா? அத்தையின் சத்தத்தையும் கேட்டீர்களா? எடைப்படி அடுக்கிய போட்டோவையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தீர்களா? கோபமில்லை, ஏன் என்றுதான் புரியவில்லை. அத்தையிடம் கேட்டேன். "அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க வெக்கப்பட்டு அன்னைக்கே எல்லாத்தையும் விட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழுவில் மறுபடி சேர்ந்துவிட்டேன். டாக்டர் வண்டியில் கோளாறு எங்கே என்று பார்ப்பதற்காக உங்கள் வண்டியைப் பிரித்தாகிவிட்டது. எல்லாம் தெரிந்தவருக்கு எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று அத்தை கேட்கிறாள். உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை விஷயம் இருந்தது இதுதான் முதல் தடவை, அதனால் அனுப்புகிறேன். சனிக்கிழமை வண்டி கிடைக்காது. நீங்கள் அவசியம் வாருங்கள், அழுக்கானால் பரவாயில்லை என்கிற சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.