பூலாம்பாடி ஓடையில் கப்பல் போக்குவரத்து

தீவு நகரத்தைக் கரையோடு சேர்த்துவைத்த நூறு வயதுத் தூக்குப் பாலம் பணி ஓய்வு பெற்றது. எடைக்குப் போட்டால் பாரம்பரியம் போய்விடுமே! அதனால் அதன் தூக்கும் பகுதியை மட்டும் பூலாம்பாடி ஓடையின் குறுக்கே ஊர்ச் சாலையில் நிறுவும்படி பாரம்பரியப் பாலங்கள் வாரியம் ஆணை பிறப்பித்தது. அதை இயக்கும் வேலை மோட்டார் மெக்கானிக் கொளஞ்சிக்குக் கிடைத்தது. கூடவே விதிப் புத்தகமும் வந்தது: 'தினமும் காலை பத்து மணிக்குப் பாலத்தைத் தூக்குக. கப்பல் கடந்தபின் இறக்குக.'

முதல் நாள் தூக்கினார். கப்பல் வரவில்லை. இரு பக்கமும் வண்டிகள் நின்றன. வெங்காய வியாபாரி செங்கமலத்தின் மினி லாரியில் நாற்பது மூட்டை சின்ன வெங்காயம், முந்தின நாள் மழையில் நனைந்தது. பொழுது சாய்வதற்குள் மார்க்கெட் சேராவிட்டால் அழுகிவிடும்.

"ஏம்பா கொளஞ்சி, எறக்குப்பா."

"கப்பல் போவலையே அக்கா."

"முழங்கால் தண்ணிக்குக் கப்பல் எங்கேருந்துப்பா வரும்?"

கொளஞ்சிக்கும் அது தெரியும். ஆனால் இருபது வருஷம் காத்திருந்து கிடைத்த சர்க்கார் வேலை. வாரிய ஆய்வாளர் சிங்காரவேலுவுக்குப் போன் போட்டார்.

"சார், கப்பல் வராதுன்னு சொல்றாங்க."

"வராதுன்னு கப்பல் எழுதிக் குடுத்துச்சா?"

"இல்லைங்க சார்."

"அப்ப தாமதம்னு எழுதுங்க."

மூன்று மணிக்கு மூட்டைகளில் ஆவி பறந்தது. செங்கமலம் இறங்கினாள். வெங்காயம் அள்ளும் அலுமினிய அன்னக்கூடையில் நாலு வெங்காயத்தைப் போட்டு ஓடையில் விட்டாள். அது ஆடி அசைந்து பாலத்தைக் கடந்தது.

"கப்பல் போயிருச்சு. எழுதிக்க."

கொளஞ்சி எழுதினார்: 'கப்பல் ஒன்று. சரக்கு வெங்காயம்.' பாலம் இறங்கியது. பாதி மூட்டைகள் பிழைத்தன.

பிறகு தினமும் ஒரு கப்பல் போனது. மாதக் கடைசியில் முப்பது கப்பல்களைக் கண்டு வாரியம் மெய்சிலிர்த்தது. விபத்தே நடக்காத நீர்வழி! உடனே துறைமுகம், இருநூறு பணியிடங்கள். நேர்காணலில், "கப்பலைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார்கள். "தெனமும் பாக்கறோம் சார்" என்றது ஊர். செங்கமலம் சரக்குப் பிரிவில் சேர்ந்தாள்.

பக்கத்து ஊர் அங்கமுத்து ஆள் திரட்டி மறியலுக்கு வந்தார். "ஓடையில ஏதுய்யா கப்பல்?"

நியாயமான கேள்வி. கொளஞ்சிக்கு நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் அங்கே வந்திருந்த சிங்காரவேலு, "உங்க ஊர்ல கலங்கரை விளக்கம் வரப்போவுது. நூறு பேருக்கு வேலை" என்றார்.

அங்கமுத்து பேனரைச் சுருட்டினார்.

"இத முன்னாடியே செஞ்சிருக்கணும் சார். பாவம், கப்பல்காரங்க இத்தன நாளா இருட்டுல தடவிக்கிட்டே வந்திருக்காங்க!"