ஊசல் தேர்ந்தெடுத்த கூடைப்பந்து அணி

அந்தச் சனிக்கிழமை ஜெர்மனியின் ஆஹென் நகரில் கூடைப்பந்து அணித் தேர்வைப் பார்க்க எண்பது பேர் வந்திருந்தார்கள். பந்தை மட்டும் யாரும் கொண்டு வரவில்லை. அது தேவைப்படவில்லை.

ஆஹெனில் படிக்கும் தமிழ் மாணவிகளின் அணி அது. முன்பே அணியில் ஆடியவர்கள் ஆறு பேர், புதியவர்கள் நான்கு பேர், இருக்கும் இடம் ஒன்பது. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரையும் ஓடவிட்டு, பந்தை எறியவிட்டுப் பார்ப்பது பாமரர் வழக்கம். அணியின் பொறுப்பாளர் சீனிவாசன் பாமரர் அல்ல. இயந்திரங்களின் அதிர்வை அளப்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். ஆகவே அவர் டோர்ட்முண்டிலிருந்து சிற்றம்பலத்தாரை வரவழைத்திருந்தார்.

சிற்றம்பலத்தார் முன்பு கைப்பேசி உறை விற்றவர். இப்போது 'விளையாட்டு ஆன்ம ஆலோசகர்'. பெரிய ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று தம்மைக் கேட்டுத்தான் ஆள் தேர்வு செய்கிறது என்பார். எந்தக் கழகம் என்று கேட்டால், பெயரைச் சொல்லக் கூடாதென்று ஒப்பந்தம் இருக்கிறது என்பார். ஒப்பந்தத்தை மதிக்கும் மனிதர்.

அவருடைய முறை எளிமையானது. வீராங்கனை காலில் போட்டு ஆடும் சப்பாத்துகளை ஒரு துணிப்பையில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, மேசையில் வைக்க வேண்டும். அவர் அதற்கு மேலே நூலில் கட்டிய செப்புக் குண்டு ஒன்றைப் பிடிப்பார். குண்டு வலமாகச் சுற்றினால் பிள்ளை ஆடலாம். இடமாகச் சுற்றினால் பாதத்தில் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் செப்புத் தண்டை. அது அவருடைய காரின் பின்பெட்டியில் தற்செயலாக நிறைய இருந்தது. நடுவர் கழற்றச் சொன்னால் காலுறைக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்ற ஆன்மிக உபாயமும் இலவசம்.

வால்டோர்ஃபிலிருந்து மூன்று மென்பொருள் பொறியாளர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குக் கூடைப்பந்து தெரியாது. விசா நீடிப்பைப் பற்றிக் குண்டிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது.

பத்துப் பைகளில் நான்குக்குக் குண்டு இடமாகச் சுற்றியது. மூன்று பேர் தண்டை வாங்கினார்கள். கால்மணி நேரத்தில் அதே குண்டு மனம் மாறி அவர்களுக்கு வலமாகச் சுற்றியது. தக்சாயினி என்ற மாணவி ஆனந்தக் கண்ணீரே விட்டாள்.

நான்காவது பெண் சுபானி. டூஸ்பர்க்கில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இரண்டு ஆண்டுகள் அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து, ஓர் ஆண்டு முழுவதும் படி ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்துத் திரும்பி வந்திருந்தாள்.

"முழங்காலில ஒரு நிழல் தெரியுது, தங்கச்சி," என்றார் சிற்றம்பலத்தார், கண்ணை மூடிக்கொண்டு. கூட்டம் மூச்சை அடக்கியது. அந்த முழங்காலைப் பற்றிச் சீனிவாசன்தான் காலையில் தேநீர் குடிக்கும்போது அவரிடம் சொல்லியிருந்தார் என்பது சீனிவாசனுக்கே நினைவில் இல்லை.

"நிழல் இல்லை, அண்ணை, தழும்பு," என்றாள் சுபானி. "டொக்டர் விளையாடலாமெண்டு எழுதித் தந்திருக்கிறார்."

"டொக்டர் எலும்பைப் பாப்பார். நான் விதியைப் பாக்கிறன். தண்டையைப் போடுங்கோ, சரி வரும்."

"ஏலாது."

அவ்வளவுதான். சுபானியின் பெயர் வெட்டப்பட்டது. முதல் ஐவரில் அவளுடைய இடம், புதிதாக வந்த நிரஞ்சனாவுக்குப் போனது. அவளுடைய பைக்கு மேலே குண்டு பம்பரம்போலச் சுற்றியிருந்தது. "இந்தப் பிள்ளையின்ர காலில நெருப்பு இருக்கு!" என்றார் சிற்றம்பலத்தார். எண்பது பேரும் கைதட்டினார்கள்.

நிரஞ்சனா திருச்சியிலிருந்து புள்ளியியல் படிக்க வந்தவள். கைதட்டலைக் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்தச் சுகத்தில் இருந்தாள். மூன்றாம் நாள் பயிற்சியில் பத்துப் பந்து எறிந்தாள். இரண்டு உள்ளே போயின. காலில் இருந்த நெருப்பு கைக்கு வரவில்லை. பயிற்சி முடிந்து வெளியே வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் சுபானி தனியாக உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். வலியால் அல்ல, வேறு செய்ய ஒன்றும் இல்லாததால். நிரஞ்சனா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க ஷூவை எனக்கு ஒரு நாள் தர முடியுமா?"

சுபானி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும், "நீர் ஏன் இதில தலையிடுறீர்? உம்மட இடமெல்லோ போகப்போகுது," என்றாள்.

"அது என் இடம் இல்லைங்க. எனக்கே தெரியும்."

மறுநாள் நிரஞ்சனா சீனிவாசனிடம் போனாள். "சார், ஒரே ஒரு ரீடிங்கை வச்சு முடிவு பண்ணலாமா? ரெண்டாவது தடவையும் எடுத்துப் பார்க்கணும்னு உங்க லேபில சொல்ல மாட்டாங்களா?"

சீனிவாசனால் மறுக்க முடியவில்லை. அளவீட்டை இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பது அவருக்கு மதம் மாதிரி. பைகளைத் தயார் செய்யும் வேலையை நிரஞ்சனாவே ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் நூறைத் தாண்டியது. சிற்றம்பலத்தார் குண்டை எடுத்ததும் நிரஞ்சனா எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். குண்டு பார்க்கிறது சீட்டுல இருக்கிற பேரையா, உள்ள இருக்கிற ஷூவையா?"

சிற்றம்பலத்தார் சிரித்தார். "பேரை ஆரும் எழுதலாம், பிள்ளை. பாதத்தின்ர சூடு சப்பாத்தில ஊறியிருக்கும். அது பொய் சொல்லாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் நிரஞ்சனா. எல்லோரும் கேட்டிருந்தார்கள். சிலர் கைப்பேசியில் பதிவும் செய்திருந்தார்கள்.

குண்டு ஆடத் தொடங்கியது. 'சுபானி' பைக்கு இடமாகச் சுற்றியது. "நிழல் இன்னும் போகேல்லை," என்றார். 'நிரஞ்சனா' பைக்கு வலமாகச் சுற்றியது. "அதே நெருப்பு!" 'தக்சாயினி' பைக்கு முன்னே வந்ததும் குண்டு வலமாகத் துள்ளியது. "பாத்தியளோ, தண்டை வேலை செய்யுது. இப்ப இந்தக் காலில நல்ல ஓட்டம் இருக்கு."

நிரஞ்சனா மேசைக்கு வந்து பைகளை அவிழ்த்தாள். நிழல் விழுந்த பையிலிருந்து அவளுடைய சொந்த ஷூ வந்தது. நெருப்புப் பற்றிய பையிலிருந்து சுபானியின் சப்பாத்து வந்தது. நல்ல ஓட்டம் இருந்த பையைக் கவிழ்த்தாள். இரண்டு கறுப்பு ரொட்டிகள் மேசையில் விழுந்தன. மூலைக்கடையில் காலையில் வாங்கிய ரொட்டிகள்.

தக்சாயினி குனிந்து காலுறையை இறக்கித் தண்டையைக் கழற்றினாள். அதை மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை இதுக்கே போட்டு விடுங்கோ, அண்ணை," என்றாள். "அதுதானே ஓடப்போகுது."

"இங்க கெட்ட அலை கூடிப்போச்சு," என்றார் சிற்றம்பலத்தார். "சந்தேகப்படுற ஆக்கள் நிண்டால் குண்டு குழம்பும்."

"குண்டு குழம்பவே இல்லையே," என்றாள் சுபானி. "எழுதியிருந்த பேரை வடிவா வாசிச்சுதே!"

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. சிற்றம்பலத்தார் நூலைச் சுற்றிப் பையில் வைத்தார். அவசரமாக ஒரு Termin, யாரையோ சந்திக்கும் நேரம், இருப்பதாகச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். பொறியாளர்கள் மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். விசாவைப் பற்றி அவர் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

சீனிவாசன் வெகுநேரம் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கேயோ போய் ஒரு பந்தோடு வந்தார். பத்துப் பேரும் ஓடினார்கள், எறிந்தார்கள், மூச்சு வாங்கினார்கள். சுபானி ஐம்பதில் முப்பத்து மூன்று போட்டாள். நிரஞ்சனா ஒன்பது போட்டாள். பட்டியலில் பத்தாவது பெயர் அவளுடையதுதான்; இடமோ ஒன்பது. அதை அவளே எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் வலித்தது, அதை மறைக்கவும் இல்லை.

"நாளைக்கு ஆறு மணிக்கு வாரும்," என்றாள் சுபானி. "உம்மட மணிக்கட்டு பிழையா மடங்குது. சொல்லித் தாறன்."

கோடைப் போட்டியில் அணி அரையிறுதியில் நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அணியின் கைப்பேசிக் குழுவில் உடனே செய்திகள் குவிந்தன: பெரியவரை அவமதித்த பாவம், குண்டின் சாபம், ரொட்டியை வைத்துப் பரிகாசம் செய்த பலன். எதிரணி நன்றாக ஆடியது என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்பர்களே, அடுத்த ஆண்டுத் தேர்வுக்குக் கால்களை மட்டும் அனுப்பாதீர்கள். கழுத்துக்கு மேலே ஒருவர் நெடுநாளாக ஓய்வில் இருக்கிறார். அவரையும் கொஞ்சம் எழுப்பிக் களத்தில் இறக்கிப் பாருங்கள்.