ஒன்பதாவது கேள்வி

ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

'கடந்த ஆறு மாதங்களில் காரணமில்லாமல் எடை குறைந்திருப்பதாக உங்களுக்குத் தெரியுமா?'

இருக்கிற மருத்துவக் காப்பீடு போதாது, புற்றுநோய்க்கென்று கூடுதலாக ஒன்று வேண்டும் என்று முகவர் மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தார். எட்டுக் கேள்விக்கு 'இல்லை' எழுதிவிட்ட ஆய்வாளர், குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். காலையிலிருந்து பேண்ட் இரண்டு முறை இறங்கிவிட்டது. போன மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தான் போட்ட அதே பேண்ட்.

"ஒரு நிமிஷம். எடை பார்த்துட்டு எழுதறேன்."

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதுதான் அவர் வேலை. அறை வாசலிலேயே ஆள் ஏறி நிற்கிற தராசு ஒன்று இருந்தது.

முகவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார். பார்த்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா எழுதணும். எழுதினா பாலிசி கிடைக்காது."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"சேச்சே. தெரியாததை இல்லைன்னு எழுதினா அது எப்படி சார் பொய்? வீட்டம்மா பேரையும் சேர்த்துடலாமா?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. என்னோடதை முதல்ல யோசிச்சுச் சொல்றேன்."

அன்றிலிருந்து அவர் சுவரோடு ஒட்டி நடந்து அறைக்குள் போனார். யாரும் ஏறாமலே தராசின் முள் லேசாக ஆடியது. தரை அதிர்ந்தால் முள் ஆடும் என்பது அவருக்குத் தெரியாததா? இருந்தும் பிடரி சில்லிட்டது.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் இழுத்துக்கொண்டு போய் எடை பார்த்துவிடுவாள். பேசாமல் இரட்டிப்பாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

"எனக்குப் பசிக்கல. இதையும் நீங்களே சாப்பிடுங்க," என்று அவள் தட்டை நகர்த்தினாள். மணிக்கட்டிலிருந்து புறங்கைக்கு இறங்கிய கடிகாரத்தை மேலே தள்ளிக்கொண்டாள்.

அவர் இரண்டு தட்டையும் வழித்துச் சாப்பிட்டார். அடுத்த வாரம் பேண்ட் இன்னும் தொளதொளத்தது. இடுப்பில் மடித்து ஊக்கு குத்தினார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு, அவர் சாப்பிடச் சாப்பிட அவரைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது.

கண்ணாடிமேல் துண்டைப் போட்டார். பார்க்காமல் சவரம் செய்ததில் தாடையில் மூன்று வெட்டு.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். "என்ன அத்தான், ஆளே..."

"வாயைத் திறக்காதே. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா உதட்டில் விரல் வைத்தாள். அதையும் இவர் பார்த்துவிட்டார். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே மறைக்கிறாள்.

மறுநாள் மளிகைக் கடையில் எடைக்கல்லைத் தூக்கும்போது, நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால் ஊக்குகள் கழன்று பேண்ட் முழங்கால்வரை இறங்கிவிட்டது. மாலையே முகவரை வரச்சொல்லி, ஒன்பதாவது கேள்விக்கும் 'இல்லை' எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவாவது டாக்டர்கிட்ட போகலாமா?"

"தொண்ணூறு நாள் பொறுங்க சார். அதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சா பாலிசி செல்லாது."

தொண்ணூறு நாளும் பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? நான்கு பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தெருமுனைத் தையற்காரரிடம் போனார்.

"இதையெல்லாம் இடுப்புல பிடிச்சுக் கொடுங்க."

தையற்காரர் விழித்தார். "இப்பதானே சார் பிரிச்சுவிட்டேன்?"

"யார் பிரிக்கச் சொன்னது?"

"அம்மாதான். வாராவாரம் கொண்டு வருவாங்க. 'தொப்பை போடுதுன்னு சொன்னா மனுஷன் பட்டினி கிடப்பார். அவருக்குத் தெரியாம தாராளமா விட்டுடுங்க'ன்னாங்க."

நாடாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினார். "பாருங்க, முன்னைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல்."

ஆய்வாளர் தையல் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து. அவருக்கு ஒன்றுமில்லை. கொழுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

தையற்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இது அம்மாவோட துணி. இந்த மாசத்துல மூணாவது தடவையா பிடிச்சிருக்கேன். இதுக்கு மேல பிடிக்க இடமில்லைன்னு சொல்லிடுங்க சார்."